கடல்நீர்த் தொட்டியில் பீடைகள் பெருகினால்: கொழும்பில் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டு வரவேற்பறையில் 240 லீட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன, எப்படி ஒழிப்பது?" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கல்லில் ஏதோ முளைத்திருக்கிறது. நேற்று இருக்கவில்லை. எந்த மருந்து ஊற்றுவது?

இப்போதைக்கு எதுவும் ஊற்ற வேண்டாம். மூன்று நாள் வடிவாகப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று காலையில் ஒரு படம், இரவில் ஒரு படம் எடுங்கள். விளக்கு அணைந்து ஒரு மணித்தியாலம் கழித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். டோர்ச்சின் வாயில் வெசாக் கூட்டுக்கு ஒட்டுகிற சிவப்புச் சவ்வுத்தாளைக் கட்டிக்கொண்டால், இரவில் திரியும் புழுவும் நண்டும் ஓடி ஒளியாது. உவர்த்தன்மை, நைட்ரேட், பொஸ்பேட் மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள்.

தொல்லை தருபவை மூன்று சாதி. ஒன்று, நாம் போடும் மிச்சச் சாப்பாட்டில் பெருகுபவை: பாசி, படலம், முட்புழு. இரண்டாவது, நாம் வளர்ப்பவற்றையே தின்பவை அல்லது சுடுபவை: ஐப்டேசியா என்ற கடல் அனிமோன், தட்டைப்புழு, சில நண்டுகள். மூன்றாவது, மீனின் உடம்பில் ஒட்டும் ஒட்டுண்ணிகள். முதல் சாதியை மருந்தால் அடித்தால், தின்ன மிச்சம் இருக்கும்வரை திரும்பி வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது சாதிக்கான செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துவிடும். கல்லிலும் மணலிலும் ஊறிய செம்பு பிறகும் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒரேயொரு விதிவிலக்கு: மீன் மூச்சுக்குத் திணறினால் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. அதற்கு நேரே, கீழே வெல்வெட் என்ற மீன் நோய் பற்றிய பதிலுக்குப் போங்கள்.

நான் புதிதாக எதுவும் போடவில்லையே, எங்கிருந்து வந்தது?

ஆறு மாதத்துக்கு முன்னால் போட்டது இப்போது கண்ணில் படும் அளவுக்குப் பெருகியிருக்கலாம். கல், பவளத் துண்டு ஒட்டியிருந்த வட்டக் கட்டை, நத்தையின் ஓடு, மீன் வந்த பையின் தண்ணீர், நண்பர் தந்த பழைய ஃபில்டர் பஞ்சு, கரையில் மொண்டு வந்த கடல்நீர் என்று வழிகள் நிறைய. என் தொட்டிக்கு ஐப்டேசியா வந்தது ஒரு நத்தையின் முதுகில். கடையில் பார்த்தபோது ஓட்டில் பழுப்பாக ஒரு புள்ளி, மிளகு அளவுதான். அழுக்கு என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து எண்ணியபோது நாற்பதுக்கு மேல் இருந்தன.

ஆகவே மீன் வந்த பையின் தண்ணீரை ஒருபோதும் தொட்டிக்குள் விடாதீர்கள். மீனை மட்டும் வலையில் எடுத்துப் போடுங்கள். நத்தை ஓட்டைப் பழைய பல் தூரிகையால் தேயுங்கள். பவளத் துண்டு வந்தால் அது ஒட்டியிருக்கும் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அயடின் கலந்த தொட்டித் தண்ணீரில் சில நிமிடம் அலசி, புதிய கட்டையில் ஒட்டுங்கள். முட்டைகள் பெரும்பாலும் பழைய கட்டையின் அடியில்தான் இருக்கும்.

பவளத்தையும் பவளக் கல்லையும் நம் கடலில் இருந்து எடுப்பது இலங்கையில் சட்டவிரோதம். 'ஹிக்கடுவையில் இருந்து நேரே வந்தது' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பாறை அதன் இடத்தில் இருக்கட்டும். உங்கள் தொட்டிக்கும் அப்படிப்பட்ட கல்லைப்போல பீடையைச் சுமந்து வருவது வேறொன்றில்லை.

சின்னப் பனைமரம் மாதிரி பழுப்பு நிறத்தில் நிற்கிறது, தொட்டால் உள்ளே போய்விடுகிறது. என்ன அது?

அதுதான் ஐப்டேசியா. கடல் அனிமோன் வகை. பார்வைக்கு அழகாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் பவளத்தைச் சுட்டுக் கொன்றுவிடும். விரலால் நசுக்கவோ கத்தியால் சுரண்டவோ வேண்டாம். கல்லில் ஒட்டிய அடிப்பாகத்தின் சிறு துணுக்கு மிஞ்சினாலும் அதிலிருந்து புதிதாக ஒன்று முளைக்கும். ஒன்றைக் கிள்ளி ஐந்தாக்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர்.

வெளிநாட்டு மருந்துகள் போத்தலில் வருகின்றன, நன்றாக வேலையும் செய்கின்றன. 2022இல் இறக்குமதி நின்றுபோன மாதங்களில் எங்களுக்கு அவை கிடைக்கவில்லை. அப்போது கைகொடுத்தது வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. வளர்ப்பவர்கள் கால்க் என்று காசு கொடுத்து வாங்கும் தூளும் இதுவும் அடிப்படையில் ஒன்றுதான், கல்சியம் ஐதரொட்சைட். வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். நிறமோ வாசமோ சேர்த்தது கூடாது. கனகாலம் திறந்து கிடந்தது காற்றுப் பட்டு வெறும் சுண்ணக்கல்லாக மாறியிருக்கும், அதற்கு வேகம் இருக்காது.

செய்முறை இது. சுத்தமான தண்ணீரில் சுண்ணாம்பைத் தயிர்ப் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுங்கள், கையுறை போடுங்கள். கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். எல்லாப் பம்ப்களையும் நிறுத்துங்கள். மழுங்கிய ஊசி பூட்டிய சிரிஞ்சில் குழம்பை எடுத்து, மெதுவாக, நிழல்கூட விழாமல் கிட்டக் கொண்டுபோங்கள். ஐப்டேசியாவுக்குப் பசி, ஊசி நுனியைச் சாப்பாடு என்று நினைத்து வாயைத் திறக்கும். அந்த நேரத்தில் ஒரு துளியை வாய்க்குள் விடுங்கள். அது சுருங்கி ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும்போது, பின்னாலேயே அந்த ஓட்டை மூடும்படி குழம்பைப் பூசிவிடுங்கள். அரை மணித்தியாலம் பம்ப் ஓடக் கூடாது. பிறகு மிச்சத்தைச் சின்ன ஹோஸால் உறிஞ்சி எடுங்கள். ஒரு நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம், சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச்சைச் சட்டென்று ஏற்றிவிடும்.

தேசிக்காய்ச் சாற்றை ஊசியால் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் கொல்லும். ஆனால் ஊசி உடம்புக்குள் சரியாக இறங்க வேண்டும், ஆழமான ஓட்டைக்குள் இருப்பதற்குச் சரிவராது. எனக்குச் சுண்ணாம்புதான் கைவந்தது.

பெப்பர்மின்ட் இறால் வாங்கிப் போட்டேன், ஐப்டேசியாவைத் தொடவே இல்லை.

இறாலை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். பெப்பர்மின்ட் இறால் பாதி ஊடுருவித் தெரியும் உடம்பு, மெல்லிய சிவப்புக் கோடுகள். நம் கடைகளில் அதே பெயரில் அடிக்கடி கிடைப்பது ஒட்டக இறால்: பெரிய கண், முதுகில் கூன், சிவப்புக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும், மேலும் கீழும் அசைகிற மூக்கு. அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு பவளத்துக்கு உறவான உங்கள் சோயாந்திட்களைத் தின்னும். உண்மையான பெப்பர்மின்ட் இறாலும் வயிறு நிறைந்திருந்தால் ஐப்டேசியாவைத் திரும்பிப் பாராது. இரண்டு மூன்றாகப் போட்டு, மீனுக்குப் போடும் சாப்பாட்டையும் குறைத்தால்தான் இரவில் வேலை நடக்கும். சின்னவற்றைத் தின்னும், பெரியவற்றை நீங்களே ஊசியால் முடிக்க வேண்டும்.

மணல் மேல் சிவப்புச் சீலை விரித்தது போல ஒரு படலம். இழுத்தால் துண்டாகக் கழன்று வருகிறது.

சயனோபாக்டீரியா. பாசி என்று சொல்கிறோம், உண்மையில் பாக்டீரியா. நீரோட்டம் குறைந்த மூலையில், கழிவு தங்குகிற இடத்தில் தொடங்கும். காற்றுக் குழாய் அளவு ஹோஸால் உறிஞ்சி எடுங்கள், பவர்ஹெட்டை, அதாவது தொட்டிக்குள் ஓட்டம் தரும் பம்ப்பைத் திருப்பி அந்த மூலைக்கு ஓட்டம் காட்டுங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள், மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைப் போர்த்தி வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

இதற்கென்று தூள் மருந்து இருக்கிறது. போடுவதானால் காற்றுப் பம்ப்பில் பூட்டிக் குமிழி விடும் காற்றுக் கல்லை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். செத்த படலம் அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஒட்சிசன் இறங்கிவிடும். கொழும்பின் சூட்டில் தண்ணீர் ஏற்கெனவே 29, 30 பாகை. சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். படலம் செத்து மீனும் செத்த கதை அப்படித்தான் நடக்கிறது.

பழுப்பு நிறத்தில் சளி மாதிரி நூல் தொங்குகிறது, நுனியில் குமிழிகள். தண்ணீர் மாற்ற மாற்றக் கூடுகிறது.

என்னிடம் வரும் கேள்விகளில் மிகவும் மனமுடைந்து கேட்கப்படுவது இது. வந்தது பெரும்பாலும் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர். இது வருவது அழுக்கான தொட்டிக்கு என்று சொல்ல முடியாது. நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் பூச்சியத்துக்கு இறங்கிய, மிகைச் சுத்தமான தொட்டியில் மற்ற நுண்ணுயிர்கள் பட்டினியில் ஒதுங்க, இது இடம் பிடிக்கும். பாசி என்று நினைத்து இன்னும் தண்ணீர் மாற்றி, பொஸ்பேட் உறிஞ்சியை இன்னும் போட்டு, அதற்கு வசதியை நாமே செய்து கொடுக்கிறோம். சில வகைகள் நஞ்சு சுரக்கும். அவற்றை மேய்ந்த நத்தைகள் முதலில் சாகும்.

நிச்சயப்படுத்த ஒரு சின்னச் சோதனை. சளியை ஒரு போத்தலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். கோப்பி வடிக்கும் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரைக் கண்ணாடிக் கோப்பையில் விளக்குக்குக் கீழே ஒரு மணித்தியாலம் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் நூல் நூலாகத் திரும்பவும் சேர்ந்துகொண்டால் டைனோதான். டயட்டம் என்ற பழுப்பு நுண்பாசி அப்படிச் சேராது. புதுத் தொட்டியின் மணலில் பழுப்புத் தூள் படிந்தால் அது பெரும்பாலும் டயட்டம், சில வாரத்தில் தானாகப் போய்விடும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. நீர்த்துளி வடிவில், ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழல்வது ஒஸ்ட்ரியோப்சிஸ். அது இரவில் கல்லை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், ஆகவே யூவி விளக்கு பிடித்துக் கொல்லும். யூவிக்குத் தண்ணீரைத் தொட்டிக்குள்ளிருந்தே எடுத்துத் தொட்டிக்குள்ளேயே விடுங்கள், சம்ப்பில், அதாவது பெரிய தொட்டியோடு இணைத்திருக்கும் வடிகட்டும் தொட்டியில் பூட்டினால் பலன் குறைவு. மணலோடு ஒட்டி வழுக்கிப் போகும் முட்டை வடிவம் அம்ஃபிடினியம். அதற்கு யூவி உதவாது.

எந்த வகையாக இருந்தாலும் தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், பொஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், கொஞ்சம் கூடுதலாகச் சாப்பாடு போடுங்கள். நைட்ரேட் லீட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பொஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை ஏறி நிற்க வேண்டும். வாரக்கணக்கில் எடுக்கும். நடுவில் பச்சைப் பாசி முளைத்தால் சந்தோஷப்படுங்கள், இடம் கைமாறுகிறது என்று அர்த்தம்.

பச்சை மயிர்ப்பாசி கல்லை மூடிவிட்டது. நத்தைகளும் தோற்றுவிட்டன.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையில் இருந்து அம்பத்தளையில் சுத்திகரித்து வருவது. நமக்குக் குடிக்கலாம், தொட்டிக்குக் குளோரினும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் கூடாது. தண்ணீரில் கரைந்திருப்பதையும் நீக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டி வைத்திருக்கிறேன் என்பவர்களிடம் நான் கேட்பது, கடைசியாக அதன் உள்வடிகட்டிகளை எப்போது மாற்றினீர்கள் என்று. கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூச்சியம் காட்டாவிட்டால் நாள்தோறும் உரம் ஊற்றுகிறீர்கள்.

தண்ணீர் சரி என்றால் கையால் பிடுங்குங்கள். கல்லை ஒரு வாளிக்குள் எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கழற்ற முடிந்த கல்லில் ஃபார்மசியில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டை வெளியில் வைத்துத் தூரிகையால் தடவி, இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவித் திரும்ப வைக்கலாம். ஓரிரு நாளில் பாசி வெளுத்துவிடும்.

இறகு மாதிரி, நடுநரம்பும் இரு பக்கக் கிளையுமாக இருந்தால் அது பிரயோப்சிஸ். நத்தை தொடாது, பிடுங்கினாலும் போகாது. அதற்கு ஃபுளுக்கனசோல் என்ற பூஞ்சை மருந்து கேட்கும். வளர்ப்பவர்கள் பாவிக்கும் அளவு லீட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். 100 லீட்டர் தண்ணீருக்கு 500 மில்லிகிராம். கல்லும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் வடிகட்டும் கரியையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்தி, ஒரு காற்றுக் கல்லை ஓடவிட வேண்டும். இது மனிதருக்கான மருந்து. மருந்துச்சீட்டு இல்லாமல் தர முடியாது என்று ஃபார்மசியில் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

பச்சைக் கண்ணாடிக் குண்டு மாதிரி இருக்கும் குமிழ்ப்பாசியைத் தொட்டிக்குள் உடைக்காமல் முழுதாக நெம்பி எடுங்கள். அவ்வளவுதான்.

மணலுக்குள் முள் முள்ளாக நீளமான புழு. என் பிள்ளை பயந்துவிட்டாள்.

முட்புழு. பெரும்பாலானவை நல்ல தொழிலாளிகள், செத்ததையும் மிச்சத்தையும் தின்பவை. செத்த மீனைச் சுற்றி நின்றால் கொன்றது அதுதான் என்று நினைக்க வேண்டாம், இழவுக்கு வந்திருக்கிறது. எண்ணிக்கை கூடிவிட்டது என்றால் நீங்கள் சாப்பாடு கூடப் போடுகிறீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். முள் ஏறினால் ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்து எடுங்கள், பிறகு வினாகிரியில் கையை நனைத்தால் எரிவு தணியும்.

இரவில் தொட்டிக்குள் இருந்து 'டக், டக்' என்று சத்தம் வருகிறது.

இறால் இனம் ஒன்று கல்லுக்குள் இருக்கிறது. பிஸ்டல் இறால் என்றால் விட்டுவிடலாம். மான்டிஸ் இறால் என்றால் ஒவ்வொரு காலையிலும் ஒரு நத்தையோ நண்டோ குறைந்திருக்கும். சத்தம் வரும் கல்லைத் தூக்கி, வெறும் வாளியின் மேல் பிடித்து, ஓட்டைக்குள் சோடா விடுங்கள். மூச்சுமுட்டி வெளியே வந்து விழும். கையை விடாதீர்கள், நகத்தைப் பிளக்கும் வேகம் அதற்கு உண்டு. உடம்பெல்லாம் மயிரும் கறுப்பு நகமுமாகக் கல்லில் வரும் நண்டுக்கும் இதே வழிதான்.

துரு நிறத்தில் சின்னச் சின்னத் தட்டைப்புழு, கண்ணாடியெல்லாம் ஏறிவிட்டது.

கொல்லும் மருந்து இருக்கிறது, எளிது. ஆபத்து அதற்குப் பிறகு. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சாகும்போது அவை வெளிவிடும் நஞ்சு மீனைக் கொல்லும். நான்கு ஐந்து நாள் ஹோஸால் உறிஞ்சி எண்ணிக்கையைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள். மாற்றுவதற்கான உப்புத் தண்ணீரைக் கலந்து தயாராக வையுங்கள், புதுக் கரி பக்கத்தில் இருக்கட்டும். பிறகு மருந்து. புழு சுருண்டு மிதக்கத் தொடங்கியதும் உறிஞ்சுங்கள், கரியைப் போடுங்கள், தண்ணீரை மாற்றுங்கள். இதை வேலை நாள் இரவில் செய்யாதீர்கள், போயா விடுமுறைக் காலையில் தொடங்குங்கள்.

பவுடர் புளூ மீனில் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளி. மூன்று நாளில் போய்விட்டது. சுகமாகிவிட்டதா?

இல்லை. கிரிப்டோகேரியன் என்ற ஒட்டுண்ணி மீனில் மூன்று முதல் ஏழு நாள் வரை தின்றுவிட்டு, விழுந்து, மணலில் கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் பெருகிப் பல நூறாக வெளியே வந்து மறுபடியும் மீனைத் தேடும். நீங்கள் பார்த்த 'சுகம்' அந்த இடைவெளி. அடுத்த முறை புள்ளி பல மடங்காகத் திரும்பும். நம் கடலில் பிடிபடும் பவுடர் புளூ இந்த நோய்க்கு முதலில் விழும் மீன். அதை வாங்கும்போதே நோயையும் சேர்த்து வாங்குகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளிச் சாறு தடவிய சாப்பாட்டால் இது போகாது. பவளத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்லி விற்கும் போத்தல்களை நம்பியும் நாளைக் கடத்தாதீர்கள். எல்லா மீனையும், புள்ளி இல்லாததையும் சேர்த்து, வெளியே எடுக்க வேண்டும். பெரிய தொட்டி மீன் இல்லாமல் 76 நாள் கிடக்க வேண்டும். இது வளர்ப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. இறாலும் நத்தையும் பவளமும் உள்ளேயே இருக்கலாம்.

வெளியே எடுத்த மீனுக்கு இரண்டு வழி. ஒன்று செம்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது: சாதாரணச் செம்புக்குச் சிகிச்சை அளவு லீட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், வேறொரு சேர்மத்தோடு பிணைத்து விற்கும் வகைக்கு அதைப்போல் பத்து மடங்கு, 2 மில்லிகிராமுக்கு மேல். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் மீன் போய்விடும், அல்லது நோய் போகாது. அளக்கும் கருவி இல்லாமல் செம்பைத் தொடாதீர்கள்.

மற்றது மாற்றுத் தொட்டி முறை. சின்ன வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். 40 லீட்டர் பிளாஸ்டிக் பெட்டி இரண்டு, ஒளிய பிவிசி குழாய்த் துண்டு, காற்றுக் கல், வலை, எல்லாம் இரண்டு இரண்டாக. முதல் நாள் மீன் முதல் பெட்டியில். 72 மணித்தியாலம் தாண்டுவதற்கு முன், அதே உவர்த்தன்மை, அதே வெப்பநிலையில் புதுத் தண்ணீர் நிரப்பிய இரண்டாவது பெட்டிக்கு மீனை மட்டும் மாற்றுங்கள். முதல் பெட்டியையும் அதன் சாமான்களையும் கழுவி மொட்டை மாடி வெயிலில் எலும்பாகக் காயப் போடுங்கள். 4, 7, 10, 13ஆம் நாட்களில் மாற்றினால் விழுந்த ஒட்டுண்ணியெல்லாம் ஒவ்வொரு பெட்டியிலும் பின்தங்கிச் சாகும். மருந்தே இல்லை. கையும் பொறுமையும்தான் வேண்டும்.

மீன் பவர்ஹெட்டுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்குகிறது. புள்ளி தெரியவில்லை, தூசி மாதிரி இருக்கிறது.

வெல்வெட். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்யக் கூடியது. இன்றைக்கே மீன்களை வெளியே எடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கி, வெப்பநிலையும் பிஎச்சும் சமப்படுத்தி, ஐந்து நிமிடம் நன்னீர்க் குளியல் கொடுங்கள். பாரம் இறங்கி மூச்சு விட முடியும். பிறகு செம்பு. மேலே சொன்ன மாற்றுத் தொட்டி முறை இதற்கு உதவாது. கோமாளி மீனில் சளி உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி. அதற்குச் செம்பு கேட்காது, ஃபோமலின் குளியல் வேண்டும்; காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு, அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

கல்கிசையில் கடல்நீர் எடுக்கலாமா? இலவசம்தானே.

கரையில் நின்று மொள்ளும் தண்ணீரை நான் பாவிப்பதில்லை. வடக்கே களனி கங்கை முகத்துவாரத்தில் விழுகிறது. அதற்குத் தெற்கே வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும். ஒரு மழைக்குப் பிறகு கரைக் கடல் தேநீர் நிறத்தில் கிடப்பதை மெரின் டிரைவில் நின்று நீங்களே பார்க்கலாம். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் குருணைகளும் இரசாயனங்களும் கடலில் கலந்தபோது, கடல்நீரை நம்பியிருந்த வளர்ப்பவர்கள் எல்லாரும் உப்புத் தூளுக்கு மாறினோம். பலர் திரும்பிப் போகவில்லை.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவக் கடலையும் ஒக்டோபர், நவம்பர் இடிமழையையும் தவிருங்கள். தெரிந்த மீனவர் மூலம் கரையை விட்டு வெகுதூரத்தில், படகில் எடுப்பியுங்கள். வடிகட்டி, இருட்டில் மூடி, காற்றுக் கல்லோடு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். மீன் இல்லாத தண்ணீரில் பல ஒட்டுண்ணிகள் அழியும்; எல்லாம் அழியும் என்று சொல்ல மாட்டேன்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இல்லை. காற்றாடி போதுமா?

ஒன்றிரண்டு பாகை இறக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. காற்றாடி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது, உப்பு உள்ளேயே நின்றுவிடும். நாள்தோறும் குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீர் விடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை விட்டால் உவர்த்தன்மை ஏறி ஏறி இறங்கும். அந்த அலைச்சலில் தளர்ந்த மீனில்தான் நோய் முதலில் பற்றும்.

டெங்குக்கு நுளம்புப் புகை அடிக்க வருகிறார்கள். தொட்டிக்கு ஏதும் ஆகுமா?

ஆகும். புகையிலும் கரப்பான் ஸ்பிரேயிலும் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்ட் வகை நஞ்சு. இறாலும் நண்டும் பூச்சிக்கு உறவு, முதலில் அவைதான் சாகும், மீனுக்கும் ஆகாது. ஒருமுறை சமையலறையில் ஸ்பிரே அடித்துவிட்டு, இரண்டு அறை தள்ளி இருந்த தொட்டியில் மறுநாள் காலை இறால்கள் புரண்டு கிடந்ததைப் பார்த்தேன். ஸ்கிம்மரும் காற்றுப் பம்ப்பும் அறைக் காற்றைத் தண்ணீருக்குள் இழுக்கும் என்பதை அன்று வரை யோசிக்கவில்லை.

புகை வரும் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துங்கள். ஸ்கிம்மரையும் காற்றுப் பம்ப்பையும் நிறுத்துங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பவர்ஹெட் ஓடட்டும். தொட்டியைப் பொலிதீன் விரித்து மூடுங்கள். வாசம் போன பிறகு திறந்து, புதுக் கரி போடுங்கள். நுளம்புச் சுருளையும் அந்த அறையில் கொளுத்தாதீர்கள்.

நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பாசியும் படலமும் ஒன்றாக வந்துவிட்டது. ஏன்?

ஓட்டம் நின்றதும் கல்லுக்குள் இருந்த புழு, சிப்பி, நல்ல பாக்டீரியா எல்லாம் மூச்சில்லாமல் சாகின்றன. அவை அழுகி உரமாகின்றன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது என் தொட்டியில் மீன் தப்பியது, கல்லுக்குள் இருந்தவை செத்தன. அதற்குப் பிறகு நான்கு மாதம் சிவப்புப் படலத்தோடு போராடினேன். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் இரண்டு வீட்டில் இருக்கட்டும். மின்சாரம் இல்லாதபோது சாப்பாடு போடாதீர்கள்.

எல்லாக் கல்லையும் எடுத்து அவித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

அவிக்க வேண்டாம். இதை எழுத்தைப் பெரிதாக்கிச் சொல்ல முடியுமானால் சொல்வேன். சோயாந்திட், பாலிதோவா வகைகளில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, வெப்பத்தில் அழியாது. கல்லை அவித்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் விழுந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கொதிநீர் ஊற்றித் தேய்ப்பதும் கூடாது. கல்லை வாரக்கணக்கில் வெயிலில் காயப் போடுங்கள், அல்லது வெளியே, வாளியில், வீட்டுக் குளோரின் கரைசலில் ஊறவைத்துக் கழுவிக் காயப் போடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கழற்றக் கூடாது.

ஆனால் அதற்கு முன் ஒரு மாதம் தாருங்கள். புதுத் தொட்டிக்கும் டயட்டம் வரும், மயிர்ப்பாசி வரும். பழைய கல் நெடுநாள் வேலை பார்த்த கல்.

பிடித்த மான்டிஸ் இறாலை, பிடுங்கிய பாசியைக் கடலில் விட்டுவிடலாமா? அங்கிருந்து வந்ததுதானே.

எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. கடையில் ஒரே தண்ணீரில் இந்தோனேசிய மீனும் திருகோணமலை மீனும் நீந்தியிருக்கும். ஆகவே கடலிலோ களப்பிலோ கால்வாயிலோ எதையும் விடாதீர்கள். பாசியையும் புழுவையும் பையில் கட்டி உறையவைத்துக் குப்பையில் போடுங்கள். நோய் வந்த தொட்டித் தண்ணீரில் வீட்டுக் குளோரின் கலந்து ஒரு நாள் வைத்து, பிறகு குளியலறைச் சாக்கடையில் ஊற்றுங்கள். மான்டிஸ் இறால் உயிரோடு கிடைத்தால் கொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இருபது லீட்டர்ப் பெட்டி ஒன்றில் தனியாக வைத்திருக்கிறேன், மூன்று வருடமாக இறால் துண்டு தின்றுகொண்டு, கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.